46 லட்சம் டாலர் சம்பாதித்த சாம்பியன் ஏன் கடனாளி ஆனார்? ஜோ லூயிஸ் சொல்லித்தரும் வரிப் பாடம்



1953-ல் அமெரிக்காவில் லில்லி என்ற ஒரு அம்மா இறந்துபோனாங்க. மகனுக்காக அவங்க விட்டுட்டுப் போன பணம் 667 டாலர். அந்தப் பணம் மகன் கைக்கு வரவே இல்லை. வருமான வரித்துறை எடுத்துக்கிச்சு.

அந்த மகன் யாரோ ஏழைத் தொழிலாளி இல்லைங்க. உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை 1937 முதல் 1949 வரை, கிட்டத்தட்ட 12 வருஷம், கையில் வைத்திருந்தவர். 25 முறை அந்தப் பட்டத்தைக் காப்பாற்றியவர். பெயர் ஜோ லூயிஸ்.

"பணம் வந்துச்சு, ஊதாரித்தனமா செலவு பண்ணாரு, போச்சு" என்று ஒரே வரியில் இந்தக் கதையை முடிக்கலாம். ஆனா அது பாதி உண்மைதான். செலவுல போன பணத்தைத் திரும்பச் சம்பாதிக்க முடியும். லூயிஸ் மாட்டிக்கிட்டது வேற ஒரு பொறியில்: கட்டாமல் விட்ட வரி. அது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா, ஃப்ரீலான்சர், கமிஷன் வேலை, சின்ன பிசினஸ், யூடியூப் வருமானம் என்று ஏறி இறங்கும் வருமானம் உள்ள எல்லாருக்கும் இது பயன்படும்.

59 டாலரில் ஆரம்பம்

ஜோ லூயிஸ் பிறந்தது 1914 மே 13, அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில். குத்தகை விவசாயக் குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. 1926-ல் குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்குப் பிழைக்கப் போச்சு. அம்மா வயலின் கத்துக்கக் கொடுத்த காசை வைத்து, பையன் குத்துச்சண்டை கத்துக்கிட்டான். ஃபோர்டு கார் தொழிற்சாலையிலும் கொஞ்ச நாள் வேலை பார்த்தான்.

1934 ஜூலை 4, சிகாகோ. தொழில்முறை வீரராக முதல் சண்டை. முதல் ரவுண்டிலேயே ஜெயிச்சார். கிடைத்த பணம் 59 டாலர்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் நியூயார்க்கில் முன்னாள் சாம்பியன் மாக்ஸ் பேரைத் தோற்கடித்தார். அந்த ஒரு சண்டையில் அவர் பங்கு 2 லட்சம் டாலருக்கும் மேல். 59-லிருந்து 2 லட்சத்துக்கு வர 15 மாசம்தான் ஆச்சு! வயசு 21.

1937-ல் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தி சாம்பியன் ஆனார். 1938 ஜூன் 22-ல் யாங்கி ஸ்டேடியத்தில் சுமார் 70,000 பேர் முன்னால், 2 வருஷம் முன்பு தன்னைத் தோற்கடித்த ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை முதல் ரவுண்டிலேயே, 2 நிமிஷம் 4 நொடியில் முடித்தார். ஹிட்லர் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனப் பெருமைக்கு விளம்பரமா காட்டிக்கிட்டிருந்த நேரம் அது. அதனால் ஒரு கறுப்பின வீரரை அமெரிக்கா முழுக்க, வெள்ளையர்களும் சேர்ந்து, தலைமேல் வைத்துக் கொண்டாடியது.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. இனி கணக்குக்கு வருவோம்.

மொத்தம் 46 லட்சம், கைக்கு வந்தது 8 லட்சம்

லூயிஸின் சண்டைகளில் அவர் பெயரில் வந்த மொத்தப் பணம் சுமார் 46 லட்சம் டாலர் என்று சொல்லப்படுது. அதில் அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம். அதாவது 100 டாலரில் 17.

மீதி 83 எங்கே போச்சு?

முதல்ல மேனேஜர்கள். ஜான் ராக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக் என்ற இரண்டு பேர். வருமானத்தில் பாதி அவங்க பங்கு. அதுக்கப்புறம் பயிற்சி முகாம், பயிற்சியாளர், பயணம் என்று தொழில் செலவு. அதுக்கு மேல வரி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பேப்பரில் தலைப்புச் செய்தியா வந்தது மொத்தத் தொகை. ஊர், உறவு, நண்பர்கள் எல்லாரும் பார்த்தது அந்த நம்பரைத்தான். பிரச்சினை என்னன்னா, லூயிஸும் அந்த நம்பரைப் பார்த்துத்தான் வாழ்ந்தார். அம்மாவுக்கு வீடு, கூடப் பிறந்தவங்களுக்கு உதவி, கேட்டவனுக்கெல்லாம் காசு. கஷ்ட காலத்தில் தன் குடும்பம் அரசாங்கத்திடம் வாங்கிய நிவாரணப் பணத்தைக் கூட நகரத்துக்குத் திருப்பிக் கட்டியவர் அவர். மனசு பெரிசு. சாஃப்ட்பால் அணி, ரெஸ்டாரன்ட், குதிரைப் பண்ணை, அவர் பேரில் ஒரு குளிர்பானம் என்று பல முயற்சிகள். கோல்ஃப் மைதானத்தில் பந்தயம் வேற.

100 டாலர் வருமானம் என்று நினைத்துச் செலவு செய்தார். உண்மையான வருமானம் 17.

போர், நன்கொடை, முன்பணம்

1942 ஜனவரி 9-ல் பட்டி பேருடன் சண்டை. தன் பங்கு முழுவதையும் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அதே மாசம் ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். மார்ச்சில் ஏப் சைமனுடன் சண்டை. அந்தப் பணம் ராணுவ நிவாரண நிதிக்கு. உலக சாம்பியன் பட்டத்தைப் பணயம் வைத்து, ஒரு காசு எடுத்துக்காமல் சண்டை போட்டார். நாடே பாராட்டுச்சு.

ஆனா வரிச் சட்டத்துக்குப் பாராட்டத் தெரியாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, தனிநபர் எவ்வளவு நன்கொடை கொடுத்தாலும், நிகர வருமானத்தில் 15% வரைக்கும்தான் கழிவு. அதனால் கொடுத்துட்ட பணமும் அவர் வருமானமாகவே கணக்கில் ஏறியது. கையில் இல்லாத பணத்துக்கு வரி!

இதோடு இன்னொரு விஷயமும் நடந்துகிட்டிருந்தது. சண்டைகளை ஏற்பாடு செய்த புரமோட்டர் மைக் ஜேக்கப்ஸ், கேட்கும்போதெல்லாம் லூயிஸுக்கு முன்பணம் கொடுத்துக்கிட்டே இருந்தார். ராணுவச் சம்பளம் மாசம் சில பத்து டாலர்தான். வீட்டுச் செலவு சாம்பியன் வீட்டுச் செலவு. இடைவெளியை நிரப்பியது அந்த முன்பணம். 1942-ல் பில்லி கானுடன் ஒரு சண்டைக்கு ஏற்பாடு நடந்தது. வசூலில் ஒரு பகுதி லூயிஸ் பட்ட கடனை அடைக்கப் போகுதுன்னு வெளியே தெரிந்ததும், போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் அந்தச் சண்டையையே ரத்து செய்துட்டார்.

ஆக, போர் முடியும்போது லூயிஸ் நிலைமை என்ன? நாலு வருஷம் பெரிய வருமானம் இல்லை. புரமோட்டரிடம் கடன். பழைய வரிப் பாக்கி. சேமிப்பு இல்லை.

1946: பெரிய காசு, சின்ன மிச்சம்

1946 ஜூன் 19-ல் அதே பில்லி கானுடன் சண்டை நடந்தது. எட்டாவது ரவுண்டில் லூயிஸ் ஜெயிச்சார். அவர் பங்கு 6 லட்சம் டாலருக்கும் மேல். இன்றைய மதிப்பில் யோசிச்சுப் பாருங்க, மிகப் பெரிய தொகை.

"அப்போ எல்லாக் கடனும் தீர்ந்திருக்கணுமே?" என்று கேட்பீங்க. இங்கேதான் ஸ்லாப் விஷயம் வருது.

போர்ச் செலவுக்காக அமெரிக்காவில் வரி விகிதம் உச்சத்துக்குப் போயிருந்தது. மேல்மட்ட ஸ்லாபில் 90 சதவீதத்தை ஒட்டி. இதைத் தப்பா புரிஞ்சுக்காதீங்க. மொத்த வருமானத்துக்கும் 90% இல்லை. ஒரு வரம்பைத் தாண்டி வரும் ஒவ்வொரு டாலருக்கும்தான் அந்த விகிதம். ஆனா ஒரே வருஷத்தில் 6 லட்சம் வந்தா, பெரும்பகுதி அந்த மேல் ஸ்லாபில்தான் போய் விழும்.

நாலு வருஷம் வருமானமே இல்லாமல் இருந்து, அஞ்சாவது வருஷம் மொத்தமா வந்த பணம் அது. சட்டம் அதை ஒரே வருஷ வருமானமாப் பார்த்தது. அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு வந்திருந்தா வரி கணிசமாகக் குறைஞ்சிருக்கும். வருமானம் ஏறி இறங்குகிறவங்களுக்கு இது எப்பவுமே இருக்கும் ஆபத்து.

மேனேஜர் பங்கு போக, ஜேக்கப்ஸிடம் வாங்கிய கடன் போக, மிஞ்சியதில் வரிக்கென்று ஒதுக்கி வைக்கப் போதுமான பணம் இல்லை. சம்பளக்காரர்களுக்குச் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை அமெரிக்காவில் 1943-லேயே வந்துடுச்சு. சண்டைப் பணம் சம்பளம் இல்லையே. முழுசா கைக்கு வரும், முழுசா போகும், வரி கட்டும் தேதி மட்டும் பின்னாடி வந்து நிக்கும்.

மாட்டிக்கிட்ட பொறி: இந்தக் கணக்கைக் கவனமா பாருங்க

1949 மார்ச்சில் சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். 1950-ல் வரித்துறை அவருடைய பழைய கணக்குகளை முழுசா ஆராய்ந்தது. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 5 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்று சொன்னாங்க.

இப்போ ஒரு சின்ன கணக்கு போடுவோம். புரிஞ்சுக்கறதுக்காக வட்டி வருஷம் 6% தனிவட்டி என்று வைப்போம்.

- பாக்கி: 5,00,000 டாலர்
- ஒரு வருஷ வட்டி: 30,000 டாலர்

அசல் ஒரு டாலர் கூடக் குறையாமல், வட்டிக்கு மட்டும் வருஷம் 30,000 வேணும். இந்தப் பணம் வரி போக மிஞ்சும் பணமாக இருக்கணும்.

முதல் வழி: சாதாரண வேலைக்குப் போறார், வருஷம் 20,000 டாலர் சம்பாதிக்கிறார். அன்றைக்கு அது நல்ல வருமானம். ஆனா வட்டியே 30,000. மொத்தச் சம்பளத்தையும் கொடுத்தாலும் கடன் வருஷத்துக்கு 10,000 ஏறும்.

இரண்டாவது வழி: திரும்பவும் களத்தில் இறங்கி லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறார். அப்போ அந்தப் புது வருமானத்தின் மேல்பகுதி 90% ஸ்லாபுக்குப் போகுது. அந்த ஸ்லாபில் கூடுதலாகச் சம்பாதிக்கும் 100 டாலரில் மிஞ்சுவது 10. 30,000 வட்டியை அந்தப் பகுதியிலிருந்து மட்டும் கட்டணும்னா, 3,00,000 சம்பாதிக்கணும்!

குறைவாகச் சம்பாதிச்சா வட்டி ஜெயிக்கும். நிறையச் சம்பாதிச்சா ஸ்லாப் ஜெயிக்கும். இரண்டு பக்கமும் அடி. பழைய வரியைக் கட்டப் புது வருமானம் வேணும். புது வருமானத்துக்குப் புது வரி வரும்.

வங்கிக் கடனுக்கும் வரிக் கடனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வங்கிக் கடனில் வாங்கிய பணமாவது ஒரு காலத்தில் உங்க கையில் இருந்தது, வீடோ காரோ வாங்கியிருப்பீங்க. வரிக் கடனில் அப்படி எதுவும் இல்லை. அது உங்க பணமே இல்லாத பணத்தை உங்க பணம்னு நினைச்சுச் செலவு செய்ததோட விலை.

37 வயசில் திரும்பவும் களத்துக்கு

வேற வழி? 1950 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடன் மோதி, 15 ரவுண்ட் நின்று, தீர்ப்பில் தோற்றார். 1951 அக்டோபர் 26-ல், 37 வயசில், 28 வயசு ராக்கி மார்சியானோவிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்தார். குத்துச்சண்டை வாழ்க்கை அங்கே முடிஞ்சுது.

1953-ல் அம்மாவின் 667 டாலரும் போச்சு. 1956-ல் தொழில்முறை மல்யுத்த மேடையில் ஏறினார். மார்பில் பட்ட அடியோடு அதுவும் நின்னுபோச்சு. 1950-களின் இறுதியில் பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டிடுச்சு. உழைச்சும் கடன் இரண்டு மடங்கு!

1960-களின் தொடக்கத்தில்தான் ஒரு தீர்வு வந்தது. பழைய பாக்கியை வசூலிக்கிறதை வரித்துறை நிறுத்திக்கிட்டு, அவர் அந்தந்த வருஷம் சம்பாதிக்கிறதுக்கு மட்டும் வரி வாங்க ஒத்துக்கிட்டது. 1959-ல் அவர் கல்யாணம் பண்ணிக்கிட்ட மார்த்தா ஒரு வழக்கறிஞர். வீட்டில் கணக்கு புரிஞ்ச ஒருத்தர் இருந்ததும் பெரிய பலம். 1970-களில் லாஸ் வேகஸின் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலில் விருந்தினர்களை வரவேற்கும் வேலை பார்த்தார். 1981 ஏப்ரல் 12-ல் இறந்தார். அதிபர் ரேகன் விதியைத் தளர்த்தி, ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தாங்க.

அந்த இறுதிச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தவர் யார் தெரியுமா? 1938-ல் அவரிடம் 2 நிமிஷத்தில் தோற்ற மாக்ஸ் ஷ்மெலிங். எதிரிகளாகக் காட்டப்பட்ட இருவரும் பின்னாளில் நல்ல நண்பர்கள் ஆகியிருந்தாங்க. போரில் சொத்தை இழந்த ஷ்மெலிங், 1940-களின் இறுதியில் சில சண்டைகள் போட்டுக் கொஞ்சம் பணம் சேர்த்தார். 1950-களில் ஜெர்மனியில் கோகோ-கோலா பாட்டில் நிரப்பும் உரிமம் வாங்கி, அந்த ஒரு தொழிலில் உட்கார்ந்து நிலைச்சார். லூயிஸும் பிசினஸ் செய்யாதவர் இல்லை. ஆனா பெரும்பாலும் பெயரைக் கொடுத்தார், பணத்தைப் போட்டார். கணக்கை மற்றவங்க பார்த்தாங்க.

நமக்கு என்ன பாடம்?

1. வரிப் பணத்தை வந்த அன்றைக்கே பிரிச்சு வையுங்க. உதாரணமா, நீங்க 1,00,000 ரூபாய்க்கு பில் போடுறீங்க. 10% டிடிஎஸ் பிடிச்சு 90,000 வருது. "வரி பிடிச்சுட்டாங்களே, முடிஞ்சுது" என்று நிறைய பேர் நினைக்கறாங்க. இல்லை! அந்தப் பணம் உங்க 30% ஸ்லாபில் வந்தா, இன்னும் 20,000 ரூபாய், அதுக்கு மேல செஸ், நீங்க கட்டணும். அதனால் 90,000-ல் 21,200-ஐ அன்றைக்கே தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு மாத்துங்க. அந்த அக்கவுண்டுக்கு ஏடிஎம் கார்டு, யுபிஐ எதுவும் வேண்டாம்.

2. அட்வான்ஸ் டாக்ஸ் தேதிகளைக் காலண்டரில் போடுங்க. டிடிஎஸ் போக வருஷ வரி 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல வந்தா நாலு தவணையில் கட்டணும். ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் 100%. தவறினா மாசத்துக்கு 1% வட்டி. உத்தேச வருமானத் திட்டத்தில் வரி கட்டும் சின்ன தொழில்காரங்களுக்கு மார்ச் 15 என்ற ஒரே தவணை.

3. முன்பணம் வருமானம் இல்லை. முதலாளியோ கிளையன்ட்டோ சிரிச்ச முகத்தோட கொடுத்தாலும் அது கடன்தான். அடுத்த வேலையில் உங்க பேரம் பேசும் பலத்தை அது குறைக்கும். ஜேக்கப்ஸிடம் கடன் பட்ட லூயிஸ், அடுத்த சண்டையையும் ஜேக்கப்ஸுக்குத்தான் போட வேண்டியிருந்தது.

4. தானம் செய்யுங்க, ஆனா முதல்ல கேளுங்க. புது வரி முறையில் இருந்தா சாதாரண நன்கொடைக்குக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் சில அமைப்புகளுக்கு 50%தான், வரம்பும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா கழிவு இல்லை. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டும் கொடுக்கலாம், தப்பே இல்லை. வரி கட்ட வேண்டிய பணத்தைக் கொடுத்துடக் கூடாது, அவ்வளவுதான்.

5. உங்க கணக்கைப் பார்க்கிறவர் உங்க ஆளா இருக்கணும். உங்களுக்குப் பணம் தர்றவரோட ஆடிட்டர் அவருக்காக வேலை செய்யறவர். ஆடிட்டர் வைத்தாலும், வருஷத்துக்கு ஒருமுறையாவது ரிட்டர்னை நீங்களே திறந்து படிங்க. கையெழுத்து உங்களுது, பொறுப்பும் உங்களுது.

6. நோட்டீஸ் வந்தா ஒளியாதீங்க. பாக்கி சின்னதா இருக்கும்போது தவணை கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கு. லூயிஸுக்கு உதவிய பேச்சுவார்த்தை பத்து வருஷம் முன்னாடி நடந்திருந்தா, 37 வயசில் மார்சியானோ முன்னால் நிற்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இன்றைக்கே செய்ய வேண்டியது

போன 12 மாச பேங்க் ஸ்டேட்மென்டை எடுங்க. சம்பளம் தவிர வந்த ஒவ்வொரு வரவையும் ஒரு தாளில் எழுதுங்க. ஃபார்ம் 26ஏஎஸ்-ஐப் பார்த்து எதுக்கு வரி பிடிச்சிருக்காங்க, எதுக்குப் பிடிக்கலைன்னு டிக் பண்ணுங்க. டிக் விழாத வரவுகளின் கூட்டுத்தொகைதான் நீங்க உடனே கவனிக்க வேண்டிய நம்பர். அரை மணி நேர வேலை.

ஜோ லூயிஸ் சோம்பேறி இல்லை, ஏமாத்துக்காரரும் இல்லை. நாட்டுக்கும் வீட்டுக்கும் அள்ளிக் கொடுத்தவர். ஆனா வரிக்கென்று பணத்தைத் தனியா எடுத்து வைக்கிற பழக்கத்தை அவருக்கு யாரும் பழக்கிவிடலை. அந்தப் பழக்கம் இன்னும் வராதவங்க உங்க வீட்டிலோ நண்பர்களிலோ இருந்தா, இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. உங்க வருமானத்துக்கு எத்தனை சதவீதம் ஒதுக்கணும்னு சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, அடுத்த வீடியோவில் உதாரணங்களோட கணக்கு போட்டுப் பார்ப்போம்.